மஞ்சள் நின்ற இடம்

பரதராமி எடைமேடையில் கணினி எழவில்லை என்று
விடியுமுன் மூன்று முறை அழைத்தார் தாமோதர நாயுடு.
குடியாத்தத்திலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய பதினேழு லாரிகள்
சித்தூர் சாலை ஓரமாக
ஒன்றன் வாலில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தன.

எடைமேடைக்கென்று வாங்கிய பெட்டியே இல்லை அது.
நாயுடுவின் மகன் விளையாடுவதற்குக் கட்டியது.
அவன் பெங்களூர் போனதும்
மாங்காய் நிறுக்க வந்துவிட்டது.
கண்ணாடிக் கதவு, மூன்று விசிறி,
மூன்றிலும் ஊதா பச்சை ரோஜா என்று
ஜாத்திரை சீரியல் பல்பு போல ஓடும் வெளிச்சம்.
"இவ்ளோ லைட்டு எரியுதே, எப்படிம்மா செத்துப்போவும்?"

அந்த வெளிச்சம் எதற்கும் சாட்சி இல்லை.
நான் பார்ப்பது
மதர்போர்டின் வலது மேல் மூலையில்
கடுகளவு நான்கு புள்ளிகள்.
சிவப்பு, பிராசஸர்.
மஞ்சள், ரேம்.
வெள்ளை, திரைக்கான கார்டு.
பச்சை, டிஸ்க்.
பொத்தானை அழுத்தினால்
வகுப்பில் பேர் கூப்பிடுவது போல வரிசையாய் எரிந்து
உள்ளேன் என்றவர் அணைந்துவிட வேண்டும்.
நான்கும் அணைந்தால் நலம்.
இருட்டு நல்ல செய்தியாகும் இடம்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சிவப்பு வந்தது, போனது.
மஞ்சள் வந்தது.
போகவில்லை.

ரேமைக் கழற்றி அதன் பொன் பற்களைப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து ஊதினேன்.
மஞ்சள்.
பக்கத்துக் குழியில் மாற்றிச் செருகினேன்.
மஞ்சள்.
பையில் இருந்த என் சொந்த ரேம்,
நேற்றுவரை ஒரு ஜெராக்ஸ் கடையில் ஓடியது.
அதற்கும் மஞ்சள்.
"எந்தசேபு அக்கா?" என்று
ஜன்னலில் தலை நீட்டினார் முதல் லாரி மஸ்தான்.
பார்க்கிறேன் என்று தமிழில் சொன்னேன்.
அவர் தெலுங்கில் பெருமூச்சு விட்டார்.

இதைக் கற்க எனக்கு ஆறு வருடமும்
தூக்கி எறிந்த நல்ல ரேம்கள் பலவும் செலவாயின:
விளக்கு குற்றவாளியைக் காட்டாது.
ஊர்வலம் எங்கே நின்றது என்று காட்டும்.
மறித்தவன்
ஒரு தெரு தள்ளி இருப்பான்.

பிராசஸர் மேல் உட்கார்ந்த விசிறிக்கு நான்கு திருகு.
மூன்றின் தலையில் பழைய தூசி.
நான்காவதில் புதுக் கீறல், வெள்ளி மினுக்கம்,
ஊறுகாய் ஜாடி மூடி போல உயிர்போக இறுக்கியிருந்தது.

எடை எழுதும் தேசிங்கு
சுவர்க் காலண்டரில் அமாவாசை தேடிக்கொண்டிருந்தான்.
அவன் சட்டைப்பையில் பேனாவை ஒட்டி
பேனா போலவே நடித்துக்கொண்டிருந்தது
ஒரு ஸ்க்ரூடிரைவர்.
"ராத்திரி கரகரன்னு சத்தம் வந்துச்சா?" என்றேன்
நாயுடுவுக்கு எட்டாத குரலில்.
காலண்டரைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

அதை அரைச் சுற்று தளர்த்தினேன்.
மற்றதைத் தொட்டுச் சமன் பார்த்தேன்.
பொத்தான்.
சிவப்பு.
மஞ்சள்.
மஞ்சள்,
பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்து முடிக்கும்வரை
மஞ்சள்.
பிறகு வெள்ளை, பச்சை, பிறகு ஒன்றுமில்லை.
திரையில் எடைச்சீட்டுக் கட்டம்,
சுழியம் சுழியம் சுழியம்.

"எதும்மா கெட்டிருந்திச்சி?" என்றார் நாயுடு.
ரேம் துடைத்தது, முந்நூறு என்று பில் எழுதினேன்.
எழுதப் பேனா கொடுத்தவன் தேசிங்கு.
இரண்டு முறை தடவிப் பார்த்து, சரியானதை எடுத்து.

மஸ்தானின் லாரி மேடை ஏறியது.
எண்கள் ஆடி ஆடி நின்றன.
நேற்று மதியம் தோப்பருகே நிறுத்த சீட்டை
அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.
நாற்பது கிலோ குறைவு.
இரவெல்லாம் நின்றதில் காய் வற்றிய கணக்கு.
என்னைப் பார்த்தார். தேசிங்கைப் பார்த்தார்.
கண்ணாடிக்குள் ஊதா, பச்சை, ரோஜா ஓடிக்கொண்டிருந்தது.
மூலையில் நான்கு புள்ளியும் இருட்டு.
எல்லாம் நலம் என்றது போர்டு.